மூன்றாண்டு மானியம், நான்காம் ஆண்டுக் கணக்கு: பாரம்பரிய வேளாண் வளர்ச்சித் திட்டம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் கைவிட்டு, சான்று பெற்ற இயற்கை வேளாண்மைக்கு மாற விரும்பும் உழவருக்கு ஒன்றிய அரசு பண உதவி செய்யும் முதன்மையான வழி, 2015இல் தொடங்கப்பட்ட ‘பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா’ என்னும் பாரம்பரிய வேளாண் வளர்ச்சித் திட்டம் ஆகும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு நாடாளுமன்றத்தில் அளித்த விவரங்களின்படி, இத்திட்டத்தின் கீழ் சுமார் 15 லட்சம் ஹெக்டேர் நிலமும் சுமார் 25 லட்சம் உழவர்களும் கொண்டுவரப்பட்டிருக்கின்றனர். ஒன்றிய அரசு விடுவித்த தொகை 2,200 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. இந்த எண்களைக் கொண்டு திட்டம் வெற்றி என்று சொல்வோரும் உண்டு, நாட்டின் சாகுபடிப் பரப்போடு ஒப்பிட்டு இது ஒன்றுமில்லை என்று தள்ளுவோரும் உண்டு. இரண்டு தரப்பும் ஒரு கேள்வியைத் தொடுவதில்லை: மாறும் உழவர் உண்மையில் எதை இழக்கிறார், மானியம் அந்த இழப்பை ஈடு செய்கிறதா, மூன்று ஆண்டு முடிந்து உதவி நின்றதும் அவர் எந்த நிலையில் இருக்கிறார்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

திட்டத்தின் அமைப்பும் மாற்றங்களும்

தொடக்க வடிவம் எளிமையானது. அருகருகே நிலம் உள்ள 50 உழவர்கள் சேர்ந்து 50 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 20 ஹெக்டேர், கொண்ட ஒரு தொகுப்பாக அமைய வேண்டும். அந்தத் தொகுப்புக்கு மூன்று ஆண்டுகளில் உழவர் உறுப்பினர்களுக்கென 10 லட்சம் ரூபாயும், குழுவை ஒருங்கிணைத்தல், பயிற்சி, சான்றளிப்பு ஆகியவற்றுக்கென 4.95 லட்சம் ரூபாயும் ஒதுக்கப்பட்டன. ஏக்கருக்கு 20,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது இந்தக் கணக்கின்படிதான். அது முழுவதும் கையில் பணமாகக் கிடைக்கவில்லை. விதை, உயிர் உரம், மண்புழு உரத் தொட்டி, பொட்டலம் கட்டுதல், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லுதல் எனப் பல தலைப்புகளில் பணமாகவும் பொருளாகவும் பிரிந்து வந்தது. பெரும்பாலான மாநிலங்களில் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்னும் விகிதத்தில் ஏற்கின்றன. வடகிழக்கு மாநிலங்களிலும் இமயமலை மாநிலங்களிலும் அது 90:10.

2018இல் வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டன. ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுகளில் 50,000 ரூபாய் எனவும், அதில் 31,000 ரூபாய் உழவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகச் செல்லும் எனவும் முடிவாயிற்று. இடைத்தரகரும் தரமற்ற இடுபொருள் வழங்குவோரும் நுழைய இடமில்லாமல் செய்ததால், இந்த நேரடி வரவைத் திட்டத்தின் மிகச் சிறந்த மாற்றம் என்றே சொல்லலாம். ஆனால் இப்போது நடைமுறையில் உள்ள அடுத்த திருத்தத்தில் மொத்த உதவி ஹெக்டேருக்கு 31,500 ரூபாயாகக் குறைந்தது. இதில் இடுபொருளுக்கென உழவர் கணக்கில் சேர்வது 15,000 ரூபாய். பயிற்சிக்கும் திறன் வளர்ப்புக்கும் 9,000 ரூபாய், விற்பனை, பொட்டலம், மதிப்புக் கூட்டலுக்கு 4,500 ரூபாய், சான்றளிப்புக்கும் விளைபொருளில் ரசாயன எச்சம் உண்டா என்ற பரிசோதனைக்கும் 3,000 ரூபாய். இதற்கிடையே 2020–21இல் இதன் உட்திட்டமாக வந்த இயற்கை விவசாயத் திட்டம் ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 12,200 ரூபாய் மட்டுமே ஒதுக்கியது. வடகிழக்குக்கென 2015–16இல் தனியாகத் தொடங்கப்பட்ட, சாகுபடி முதல் விற்பனை வரை உதவும் மதிப்புச் சங்கிலி இயக்கத்தில் இதே மூன்று ஆண்டுகளுக்கு 46,500 ரூபாய் கிடைக்கிறது. சமவெளி உழவருக்கான உதவி ஒவ்வொரு திருத்தத்திலும் மெலிந்து வந்திருக்கிறது என்பது இவற்றிலிருந்து தெளிவு.

ஏக்கர் கணக்கு

ஹெக்டேர் கணக்கில் எழுதப்பட்ட தொகை, ஏக்கர் கணக்கில் வாழும் உழவருக்கு என்ன பொருள் தருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 15 லட்சம் ஹெக்டேரை 25 லட்சம் உழவருக்குப் பிரித்தால் ஒருவருக்கு 0.6 ஹெக்டேர், அதாவது ஒன்றரை ஏக்கர், வருகிறது. ஹெக்டேருக்கு 15,000 ரூபாய் என்பது மூன்று ஆண்டுகளுக்கானது. ஆண்டுக்கு 5,000 ரூபாய், ஏக்கருக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய்.

காவிரிப் படுகையின் நெல் உழவருக்கு இதை மூட்டையில் சொன்னால்தான் விளங்கும். 2024–25இல் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகையைச் சேர்க்காமல் பார்த்தால் 60 கிலோ மூட்டை ஒன்று 1,380 ரூபாய். ஆக, ஓர் ஏக்கரை மாற்றுவதற்கு ஓராண்டில் உழவர் கையில் நேரடியாகச் சேரும் உதவி ஏறத்தாழ ஒன்றரை மூட்டை நெல்லின் விலை. 2018இன் திருத்தப்படி, அன்றைய ஆதரவு விலையான 1,750 ரூபாயில் கணக்கிட்டால், அது நான்கு மூட்டை. 2015இன் தொடக்க வடிவில் ஏக்கருக்கான 20,000 ரூபாயை மூன்றாகப் பிரித்து அன்றைய 1,410 ரூபாய் விலையில் கணக்கிட்டால், பொருளாக வந்ததையும் சேர்த்து, ஏறத்தாழ எட்டு மூட்டை. ரூபாய்க் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே குறைந்த உதவி, நெல் கணக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

இனி இழப்பின் பக்கம். கணக்கு விளங்குவதற்காக, சம்பா ஒரு போகம் மட்டும் செய்யும் ஓர் ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்வோம்; ரசாயன உரமிட்டு அதில் 36 மூட்டை கண்டு வந்ததாகக் கொள்வோம். மாறிய முதல் ஆண்டில் விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏழு மூட்டைக்கு மேல் போகிறது. பணத்தில் ஏறத்தாழ 9,900 ரூபாய். பல ஆண்டுகள் உப்பு உரத்தையே உண்டு பழகிய மண்ணில், தழைச்சத்தை மக்கிய பொருளிலிருந்து விடுவிக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, பசுந்தாள் பயிர்களான தக்கைப்பூண்டையும் சணப்பையும் மடக்கி உழுத பலன் வெளிப்படச் சில பருவங்கள் ஆகும் என்பதால், முதல் இரண்டு ஆண்டுகளில் விளைச்சல் குறைவது வழக்கமே. உரம், பூச்சிமருந்துச் செலவு மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் களைக்கொல்லியை நிறுத்திய வயலில் கைக்களைக்கும் கோனோவீடர் என்னும் களைக்கருவியை ஓட்டவும் ஆள் வேண்டும். பஞ்சகவ்யாவும் ஜீவாமிர்தமும் வீட்டிலேயே தயாரிக்கலாம் என்றாலும் மாடு இல்லாத வீட்டில் சாணமும் கோமியமும் விலைக்குத்தான் வருகின்றன. மிச்சமாகும் செலவின் பெரும்பகுதியைக் கூலி தின்றுவிடுகிறது.

அந்த மிச்சம் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது என்பதும் யோசிக்க வேண்டியது. 45 கிலோ யூரியா மூட்டை உழவருக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. அதன் உண்மை விலையின் பெரும்பங்கை அரசே ஏற்கிறது. 2022–23 என்ற ஒரே நிதியாண்டில் ஒன்றிய அரசின் உர மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். இயற்கை வேளாண்மைக்கு மாற ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் இத்திட்டத்தில் விடுவிக்கப்பட்ட தொகை அந்த ஓராண்டு உர மானியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. யூரியாவை விடும்படி ஒரு கையால் 2,000 ரூபாய் நீட்டும் அரசு, யூரியாவை விடாமல் இருப்பதற்கு மறுகையால் அதைவிடப் பெரிய காரணத்தைத் தருகிறது. உர மானியத்தை எடுத்துவிட வேண்டும் என்பது இந்த ஆய்வின் வாதம் அன்று. அது வேறு விவாதம். மாறுகிறவருக்கு அந்த மானியத்தில் மிச்சமாகும் தொகையையேனும் ஏன் திருப்பித் தரக்கூடாது என்ற கேள்வி மட்டும் நியாயமானது.

சான்று என்னும் காத்திருப்பு

விளைச்சல் குறைவதை விலை உயர்வு ஈடு செய்யும் என்பதுதான் சான்று பெற்ற இயற்கை வேளாண்மையின் பொருளாதார அடிப்படை. சிக்கல் என்னவென்றால், விளைச்சல் உடனே குறைகிறது. சான்றோ காலம் கழித்துத்தான் வருகிறது.

இந்தியாவில் இரண்டு சான்று முறைகள் உள்ளன. முதலாவது, 2001 முதல் நடைமுறையில் இருக்கும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம் (ரசாயனமற்ற இயற்கை வேளாண்மையையே சான்று முறைகள் ‘அங்கக’ என்கின்றன). ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவின் மேற்பார்வையில், அங்கீகாரம் பெற்ற வெளி நிறுவனம் ஆய்வு செய்து சான்று தரும் முறை இது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அங்ககச் சான்றளிப்புத் துறை இந்த அங்கீகாரத்தைப் பெற்ற அரசு அமைப்பு ஆகும். ஓராண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 24 மாதங்களும், தென்னை, மா போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு அறுவடைக்கு முன் 36 மாதங்களும் மாற்றக் காலமாக விதிக்கப்பட்டுள்ளன. இரண்டாவது, 2011 முதல் செயல்படும் பங்கேற்பு உத்தரவாத முறை. இங்கு வெளி நிறுவனம் கிடையாது. குறைந்தது ஐந்து உழவர்கள் கொண்ட உள்ளூர்க் குழு, தன் உறுப்பினர் ஒவ்வொருவரின் வயலையும் தானே ஆய்வு செய்து, உறுதிமொழி வாங்கி, முடிவைப் பதிவேற்றுகிறது. மண்டல மன்றம் அதைச் சரிபார்க்கிறது. மாற்றக் காலத்தில் ‘பசுமை’ முத்திரையும், அது முடிந்ததும் ‘அங்கக’ முத்திரையும் கிடைக்கும்.

பாரம்பரிய வேளாண் வளர்ச்சித் திட்டம் அடிப்படையில் இந்த இரண்டாவது முறையைச் சுற்றியே கட்டப்பட்டது. செலவு குறைவு என்பதாலும், அண்டை வயல்காரரின் கண்ணைவிடக் கூர்மையான ஆய்வாளர் வேறு எவரும் இல்லை என்பதாலும் அது சரியான தேர்வே. ஆயினும் அந்தச் சான்று உள்நாட்டுச் சந்தைக்கு மட்டுமே செல்லும். ஐரோப்பாவுக்கு மஞ்சளோ மிளகோ அனுப்ப நினைக்கும் வணிகர் அபெடாவின் முறையில் சான்று பெற்ற சரக்கைத்தான் கேட்பார். மூன்று ஆண்டு உழைத்துப் பங்கேற்பு முத்திரை வாங்கிய குழு, ஏற்றுமதி வணிகரிடம் போகும்போது வெறுங்கையோடு நிற்கும் நிலை ஏற்படுவது இதனால்தான்.

உள்நாட்டில் நிலை சற்று மேல். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைகள் இரண்டு முறைகளையும் ஏற்கின்றன. நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு விலக்கும் அளிக்கின்றன. உழவர் சந்தையின் ஓரத்தில், தன் பெயரை நம்பும் வாடிக்கையாளருக்குத் தூயமல்லி அரிசி விற்பவருக்குச் சான்று கட்டாயமில்லை. ஆனால் பெருநகரக் கடைகளுக்கும் இணைய வணிகத்துக்கும் அனுப்ப முத்திரை தேவை. சமவெளி நெல் உழவருக்கு எளிதாக எட்டும் இடமான நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலோ, சான்று பெற்ற நெல்லும் யூரியா போட்ட நெல்லும் ஒரே விலைக்கு ஒரே குவியலில் சேர்கின்றன. மாற்றக் காலத்து நெல் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் அதுவே.

சிறு நிலத்துக்குச் சான்று தரும் வேறொரு தொல்லையும் இருக்கிறது. பக்கத்து வயலில் மருந்தடித்தால் காற்றில் வந்து விழும். மேல் வயலின் உர நீர் வாய்க்கால் வழியே கீழ் வயலுக்கு இறங்கும். இதைத் தடுக்க எல்லையில் இடைவெளி விட வேண்டும், வரப்பை உயர்த்த வேண்டும், ஆமணக்கோ அகத்தியோ வேலியாக நட வேண்டும். பத்து ஏக்கர் நிலத்தில் இந்த இடைவெளி பொருட்டில்லை. ஒன்றரை ஏக்கரில் அது விளைச்சலைத் தின்னும் பங்கு. ஐம்பது பேரும் ஒரே பாசனக் கண்ணியில் சேர்ந்து மாறினால் மட்டுமே இது தீரும். திட்டத்தின் தொகுப்பு விதி காகிதத்தில் இதற்குத் தீர்வு போலத் தெரிகிறது. களத்திலோ விருப்பம் உள்ள ஐம்பது பேரைத் தேடி இரண்டு மூன்று ஊர்களில் சிதறிய வயல்களைச் சேர்த்துத் தொகுப்பு என்று எழுதினால், எண் நிறையும், எல்லை நீளும்.

பணம் போகாத இடங்கள்

மானியம் கணக்கில் சேர நில ஆவணம் தேவை: சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம். காவிரிப் படுகையில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தனியார் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்குச் செய்பவர்கள் ஏராளம். அவர்கள் பெயரில் சிட்டா இல்லை. நிலத்தின் வளத்தை மூன்று ஆண்டு உழைத்து உயர்த்திய குத்தகைதாரரிடம் நான்காம் ஆண்டில் நிலத்தைத் திரும்பக் கேட்டால் அவர் என்ன செய்வார்? மாற்றத்தின் பலன் மண்ணில் தங்குகிறது. மண் அவருடையது அன்று. ஆகவே குத்தகைதாரர் மாறத் தயங்குவதை அறியாமை என்று எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போது எரிச்சல் வருகிறது. அது அவருடைய நிலையில் சரியான கணக்கு.

பணம் வரும் நேரமும் பயிர்ப் பருவத்தோடு பொருந்துவதில்லை. ஒன்றிய நிதி மாநிலக் கருவூலத்துக்கு வந்து, மாநிலப் பங்கோடு சேர்ந்து, துறைக்குப் போய், பயன்பாட்டுச் சான்று சமர்ப்பித்த பின்பே அடுத்த தவணை விடுவிக்கப்படும். ஆடி, ஆவணியில் பசுந்தாள் விதைக்கும், ஆட்டெரு வாங்கும் செலவு வருகிறது. நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் வந்து சேரும் தவணை அந்தச் செலவுக்கு உதவாது, கடனை அடைக்கத்தான் உதவும்.

இடுபொருளுக்கென்று பணம் தருவதில் உள்ள முரணையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து வாங்குவதைக் குறைப்பதே இயற்கை வேளாண்மையின் உயிர். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று சொன்னதும் அதுதான்: உரக்கடைக்குப் போகாதே, உன் வயலிலும் தொழுவத்திலும் இருப்பதைக் கொண்டு செய். அந்த வழியில் போகும் உழவருக்கு, ‘இடுபொருள் வாங்கிய பட்டியலைக் காட்டு’ என்று கேட்கும் மானியம் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு வழி காட்டுகிறது. அவருக்கு வேண்டியது விளைச்சல் குறையும் ஆண்டில் வீட்டுச் செலவுக்கான பணமும், களையெடுக்கும் கூலியும்.

மானியமே இல்லாமல் நடந்த மாற்றம் ஒன்றும் நம் கண்முன் உண்டு. திருத்துறைப்பூண்டிப் பகுதியில் 2006 முதல் நடந்துவரும் நெல் திருவிழாவில், நெல் ஜெயராமன் முன்னின்று, உழவர்களுக்கு மரபு நெல் விதை இரண்டு கிலோ கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். மாப்பிள்ளைச் சம்பாவும் கறுப்புக்கவுனியும் மீண்டும் வயலுக்கு வந்தது அப்படித்தான். அந்த ரகங்கள் ரசாயன உரத்தைத் தாங்காமல் சாய்ந்துவிடும் இயல்புடையவை என்பதால், விதையோடு சாகுபடி முறையும் சேர்ந்தே மாறியது. அரசுத் திட்டத்துக்கு இதில் பாடம் உண்டென்றாலும், அந்த உழவர்களில் பலருக்கு நேரடியாக அரிசியாக்கி விற்கும் வாய்ப்பு உருவானதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விதை பரவியதற்கு அன்பளிப்பு காரணமென்றால், நிலைத்ததற்கு விலை காரணம்.

மற்ற இடங்களில் நடந்தவை

சிக்கிம் வேறு வழியில் சென்றது. 2003இல் முதலமைச்சர் பவன் சாம்லிங் சட்டமன்றத்தில் அறிவித்து, 2010இல் தனி இயக்கம் தொடங்கி, 2015 முடிவதற்குள் சுமார் 75,000 ஹெக்டேர் நிலத்துக்குச் சான்று வாங்கிய அந்த மாநிலத்தை, 2016 ஜனவரியில் பிரதமர் முழுமையான இயற்கை வேளாண் மாநிலமாக அறிவித்தார். சான்றுச் செலவு முழுவதையும் அரசு ஏற்றது. ரசாயன உர மானியத்தைப் படிப்படியாக விலக்கி, பின்னர் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் விற்பனையையே குற்றமாக்கியது. சிக்கிமின் உரப் பயன்பாடு முன்பே மிகக் குறைவு. பெரிய ஏலக்காயும் இஞ்சியும் அங்கே மலைச்சரிவில் ரசாயனம் அதிகம் இல்லாமலே விளைந்து வந்தவை. ஆகவே அங்கு மாற்றத்தின் விலை குறைவாக இருந்தது. அப்படியிருந்தும் சந்தைப் பக்கம் தடுமாறியது. 2018 ஏப்ரலில் வெளி மாநிலத்திலிருந்து வரும் ரசாயனக் காய்கறிகள் பலவற்றுக்குத் தடை விதித்தபோது உள்ளூரில் விலை ஏறியதும், உணவு அரிசிக்கு அந்த மாநிலம் இன்னமும் வெளியிலிருந்து வருவதை நம்பியிருப்பதும், சான்று பெற்ற பரப்பும் உண்ணும் உணவும் வேறுவேறு கணக்கு என்பதைக் காட்டின. படுகை மாவட்டங்களுக்குச் சிக்கிமை முன்மாதிரியாகக் காட்டுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

மாற்றத்துக்கென்று பணமும் காலமும் ஒதுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்திய கோத்தாபய ராஜபக்ச அரசு, அதே ஆண்டு நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. மாற்றக் காலமும் இல்லை, போதிய கூட்டெருவும் இல்லை, தொழில்நுட்ப உதவியும் இல்லை. பெரும்போக விளைச்சல் சரிந்தது. அரிசியை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு இழப்பீடாக 40,000 மில்லியன் இலங்கை ரூபாய் ஒதுக்க அமைச்சரவை இசைந்தது. மாறுவதற்கு முன்பு தந்திருக்க வேண்டிய பணம், வயல் பாழான பிறகு, மாற்றமே கைவிடப்பட்ட பிறகு வந்தது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அந்தப் போகத்தைச் செய்தவர்களுக்கு இயற்கை வேளாண்மை என்ற பெயரே கசந்துபோனது அந்தக் கொள்கையின் நீண்டகால இழப்பு.

ஐரோப்பாவின் அணுகுமுறை இவை இரண்டிலிருந்தும் மாறுபட்டது. டென்மார்க் 1987இலேயே தனிச் சட்டம் இயற்றி மாறும் பண்ணைகளுக்கு உதவி அளித்தது. 1992ஆம் ஆண்டு விதியின் மூலம் அன்றைய ஐரோப்பிய சமூகம் முழுவதிலும் இத்தகைய உதவிக்கு வழி ஏற்பட்டது. அங்கே பல நாடுகள் பின்பற்றும் முறையில், மாற்றக் காலத்துக்கு உயர்ந்த விகிதத்திலும், சான்று பெற்ற பிறகு அதைவிடக் குறைந்த விகிதத்திலும், ஹெக்டேர்வாரியாக ஆண்டுதோறும் பணம் தரப்படுகிறது. இடுபொருள் பட்டியலை யாரும் கேட்பதில்லை. வருமான இழப்புக்கும் கூடுதல் செலவுக்கும் ஈடாக அது கருதப்படுகிறது. அதற்கு இணையாக வாங்கும் பக்கத்தையும் டென்மார்க் கவனித்தது: கோபன்ஹேகன் நகராட்சி தன் பொதுச் சமையற்கூடங்களில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு இயற்கை உணவுப் பொருள் என்ற இலக்கை 2015க்கு வைத்து, சமையலர்களுக்குப் பயிற்சி அளித்து, ஏறக்குறைய எட்டியது. மாறும் உழவருக்கு அது உறுதியான வாடிக்கையாளரைத் தந்தது. ஐரோப்பிய அரசுகளின் பணவசதி நமக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் பணத்தை எந்தத் தலைப்பில் தருவது என்பதற்குப் பணவசதி தேவையில்லை.

திருத்தக்கூடியவை

இத்திட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. இருக்கும் தொகைக்குள்ளேயே முதலில் செய்யக்கூடியது, உழவர் கணக்கில் சேரும் பணத்தை மூன்று சம தவணையாகப் பிரிக்காமல், விளைச்சல் அதிகம் விழும் முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை அளித்து, பட்டியல் கேட்காமல், சாகுபடி செய்யப்பட்ட பரப்பை மட்டும் பார்த்து, விதைப்புக்கு முன் தருவது. தமிழ்நாட்டில் 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. 2023 மார்ச்சில் இயற்கை வேளாண்மைக்கென மாநிலம் தனிக் கொள்கையும் வெளியிட்டது. ஒன்றியத் தவணை தாமதமாகும்போது மாநிலம் முன்பணமாகக் கொடுத்துப் பின்னர் ஈடுசெய்துகொள்வது இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கக்கூடியதே.

இரண்டாவது விற்பனை. பள்ளிச் சத்துணவும் காலை உணவுத் திட்டமும் கோயில் அன்னதானமும் நாள்தோறும் வாங்கும் அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் ஆகியவற்றில் சிறு பங்கையேனும் மாற்றக் காலத்துப் ‘பசுமை’ முத்திரைப் பொருளுக்கு, ஆதரவு விலைக்குச் சற்று மேலான விலையில், அந்தந்த மாவட்டக் குழுக்களிடமிருந்து வாங்க ஒதுக்கினால், காத்திருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு உழவருக்கு ஒரு பற்றுக்கோல் கிடைக்கும். கொள்முதல் நிலையத்தில் தனி நாளும் தனிச் சாக்கும் ஒதுக்கினால் போதும். தனிக் கட்டடம் வேண்டியதில்லை.

ரசாயனமே அதிகம் நுழையாத மலைப்பகுதிகளுக்கு மூன்றாண்டுக் காத்திருப்பே தேவையற்றது. ஒரு பகுதி முழுவதும் நெடுங்காலமாக ரசாயனம் பயன்படாதது என்று சரிபார்க்கப்பட்டால், மாற்றக் காலம் இன்றிப் பகுதி முழுமைக்கும் சான்று தரும் பெரும்பரப்புச் சான்று முறை இத்திட்டத்தின் கீழேயே உள்ளது. 2021இல் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் கார் நிக்கோபாரிலும் நான்கௌரித் தீவுக் கூட்டத்திலும் 14,491 ஹெக்டேர் நிலம் இவ்வாறு முதன்முதலாகச் சான்று பெற்றது. பின்னர் லட்சத்தீவும் பெற்றது. கொல்லிமலையின் சாமையும் ஜவ்வாது மலையின் தேனும் புளியும் விளையும் ஊர்களில் இந்த வழியை ஊர்வாரியாக ஆராய்வது, சமவெளியில் சிதறிய வயல்களைத் தொகுப்பென்று எழுதுவதைவிடக் குறைந்த செலவில் அதிக நிலத்தைச் சான்றுக்குள் கொண்டுவரும்.

குத்தகைதாரர் தொடர்பான திருத்தம்தான் கடினமானது. அதைத் துறை அலுவலர் அளவில் முடிக்க இயலாது. அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ள கோயில் நிலங்களிலேனும், இயற்கை வேளாண்மைக்கு மாறும் குத்தகைதாரருக்கு எழுத்துப்பூர்வமான நீண்டகால உரிமம் அளித்து, அந்த ஆவணத்தையே சிட்டாவுக்கு ஈடாக ஏற்பது தொடக்கமாக அமையலாம்.

கடைசியாக, திட்டத்தை அளக்கும் முறை. இப்போது வெளியாகும் விவரங்களில் எத்தனை ஹெக்டேர், எத்தனை தொகுப்பு, எத்தனை கோடி என்ற எண்கள் முன்னிற்கின்றன. பங்கேற்பு உத்தரவாதச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. எந்தக் குழு எப்போது பதிவு செய்தது, எந்த ஆண்டில் புதுப்பித்தது, எப்போது நின்றது என்ற தரவு இணையப் பதிவிலேயே இருக்கிறது. உதவி நின்ற பின் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் புதுப்பித்த குழுக்களின் பட்டியலை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுவதற்குப் புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. அந்தப் பட்டியலில் எந்த மாவட்டம் மேலே, எது கீழே என்று தெரிந்தால், அடுத்த திருத்தத்தில் தொகையை எந்தத் தலைப்புக்கு மாற்றுவது என்பதை அதைக் கொண்டே முடிவு செய்யலாம்.